ஹோர்ன் கத்தினால் எங்கே பார்ப்பது? டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் ஒயில் பம்ப் கோளாறுகள்

திருகோணமலைக் கரையில் டூ ஸ்ட்ரோக் போட் எஞ்சினுக்கு எரிபொருளோடு ஒயில் கலப்பது கைப்பழக்கம். குச்சவெளியிலிருந்து மூதூர் வரை மண்ணெண்ணெய் எஞ்சின் ஓட்டுபவர்கள் கானுக்குள் ஒயிலை அளந்து ஊற்றி, நாலு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கடலுக்குப் போய்விடுவார்கள். தனி டாங்கியிலிருந்து ஒயிலைப் பம்ப் வைத்துத் தானே இழுத்துக்கொள்ளும் பெற்றோல் எஞ்சின்கள் நிலாவெளிப் பக்கம் புறாமலைத் தீவுக்கு ஆள் ஏற்றும் போட்டுகளிலும், திமிங்கிலம் காட்டப் போகும் போட்டுகளிலும், செகண்ட் ஹாண்டாக வாங்கிய பெரிய எஞ்சின்களிலும்தான் கண்ணில் படும். அதில் எச்சரிக்கை ஹோர்ன் கத்த ஆரம்பித்தால் கரையில் நிற்கும் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொல்வார்கள்: "பம்பைக் கழட்டி எறி, கையால கலந்து அடி."

நானும் அப்படிக் கழற்றியவன்தான். கழற்றிய பம்புகள் சிலவற்றைப் பிறகு மேசையில் வைத்துச் சோதித்தபோது ஒரு பழுதும் இல்லை. குற்றம் ஒயில் டாங்கியின் மூடி ரப்பரில் இருந்தது, அல்லது த்ரொட்டிலையும் பம்பையும் இணைக்கும் லிங்க் ரொட் கழன்றதில். அதனால் இப்போதெல்லாம் அளந்து பார்க்காமல் பம்பில் ஸ்பானர் வைப்பதில்லை.

முதல் வேலை

எந்த அறிகுறியாக இருந்தாலும் சரி, சோதனை தொடங்கும் முன் பெற்றோலில் 50க்கு 1 என்ற கணக்கில் ஒயில் கலந்துவிடுங்கள். 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர். பம்ப் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தால் ஒயில் இரட்டிப்பாகும், புகை வரும், பிளக் கொஞ்சம் கறுக்கும். அவ்வளவுதான். பம்ப் செத்திருந்தால் இந்த 400 மில்லிதான் பிஸ்டனைக் காப்பாற்றும். ஒயில் இல்லாத டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கடைசி நிமிடம் வரை நல்ல சத்தத்தோடுதான் ஓடும். காதை நம்பிச் சோதிக்க முடியாது.

ஒரு விலக்கு உண்டு. யமஹா எச்பிடிஐ, மேர்க்குரி ஒப்டிமக்ஸ், எவின்ரூட் ஈ-டெக் போன்ற டிரெக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் பெற்றோல் கிராங்க்கேஸ் (கிராங்க் தண்டு சுழலும் உறை) வழியாகப் போவதே இல்லை, நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. அங்கே பெற்றோலில் ஒயில் கலந்தால் பேரிங்குக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது. இங்கே எழுதுவது காபரேட்டர் வைத்த எஞ்சின்களுக்கு.

உங்களுடையது எந்த வகை என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் கிராங்க்கிலிருந்து பற்சக்கரம் வழியாகப் பம்ப் சுழலும், பம்பிலிருந்து சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனிப் பைப் போகும். இன்னும் சிலவற்றில் பம்ப் அதேபோல் சுழலும், ஆனால் ஒரே ஒரு பைப் வந்து பெற்றோல் லைனில் சேரும். ஜோன்சன், எவின்ரூட் எஞ்சின்களில் 1984இல் வந்த விஆர்ஓ வகையில் பற்சக்கரமே கிடையாது. கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பில் பெற்றோல் பம்பும் ஒயில் பம்பும் ஒரே உடம்பாக வேலை செய்யும். பைப் தனித்தனியா, ஒன்றா என்று தெரிந்தால் பாதிக் கோளாறுகளுக்கு எஞ்சின் மூடியைத் திறந்தவுடனேயே திசை தெரிந்துவிடும்.

ஹோர்ன் கத்துகிறது

ஹோர்ன் ஒயிலுக்கு மட்டும் கத்துவதில்லை. எஞ்சின் சூடானாலும் அதே ஹோர்ன்தான். விட்டு விட்டுக் கத்தினால் ஒயில், தொடர்ந்து கத்தினால் சூடு என்று ஒரு பேச்சு உண்டு. கம்பனிக்குக் கம்பனி, வருடத்துக்கு வருடம் அது மாறும், அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். த்ரொட்டிலைக் குறைத்துவிட்டுப் பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீரில் கையை வையுங்கள். தண்ணீர் நின்றிருந்தாலோ, கை வைக்க முடியாமல் கொதித்தாலோ எஞ்சினை உடனே நிறுத்துங்கள். அது ஒயில் வேலை இல்லை. தண்ணீர் உறிஞ்சும் இன்டேக்கில் பொலித்தீன் பை ஒட்டியிருக்கும், அல்லது தண்ணீர் பம்பின் இம்பெல்லர் போயிருக்கும்.

தண்ணீர் ஒழுங்காக வந்தால் அப்புறம் ஒயில் டாங்கியைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றுங்கள், கதை முடிந்தது. டாங்கி நிறைய இருந்தும் கத்தினால்தான் வேலை.

போன ஜூனில் ஒரு தம்பி ஆறு பயணிகளோடு புறாமலைக்கும் கரைக்கும் நடுவில் நின்றுகொண்டு போன் எடுத்தான். "அண்ணா, ஒயில் புல்லா இருக்கு, தண்ணியும் நல்லா அடிக்குது, ஆனா கத்துது." ரிசேர்வுக்கு என்று போட்டில் ஒரு போத்தல் ஒயில் வைத்திருந்தான். அதைக் கணக்குப்படி பெற்றோலில் கலந்து மெதுவாக வரச் சொன்னேன். கரையில் டாங்கியின் சென்சரைக் கழற்றி வெளியே எடுத்தால், மிதவை அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சென்சர் என்பது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு தண்டு, அதில் மேலும் கீழும் ஓடும் ஒரு மிதவை, மிதவைக்குள் காந்தம். ஒயில் குறைந்து மிதவை அடிக்கு வந்தால் தண்டுக்குள் இருக்கும் சுவிட்ச் தொடும், ஹோர்ன் கத்தும். பழைய ஒயில் பிசினாகக் காய்ந்து மிதவையைத் தண்டோடு ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, நாலு தரம் கவிழ்த்து நிமிர்த்தியதும் மிதவை டக் டக் என்று ஓடியது. வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

மிதவையைக் கழற்றும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். சென்சர் வயரைக் கழற்றுங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் ஹோர்ன் நின்றால் பழுது சென்சரில், அல்லது உண்மையிலேயே ஒயில் குறைவு. கழற்றிய பிறகும் கத்தினால் வயர் எங்கோ உரசி எர்த் ஆகிறது, அல்லது வோர்னிங் மொடியூல் போய்விட்டது. சோதித்த பிறகு வயரைத் திரும்ப மாட்ட மறக்கக் கூடாது. சத்தம் தொல்லை என்று அந்த வயரை வெட்டி டேப் சுற்றி வைத்திருந்த எஞ்சின் ஒன்று என்னிடம் வந்தது. அதற்கு மூன்று பிஸ்டன் வாங்க வேண்டியிருந்தது.

இரண்டு டாங்கி வைத்த பெரிய எஞ்சினில் கதை கொஞ்சம் வேறு. போட்டுக்குள் ஒரு பெரிய டாங்கி, எஞ்சின் மூடிக்குள் ஒரு சின்ன டாங்கி. ஹோர்னுக்குக் கணக்கு சின்னதில் உள்ள ஒயில். பெரியது ததும்பிக்கொண்டிருக்கும், சின்னது காய்ந்திருக்கும், ஓட்டி பெரியதைத் திறந்து பார்த்துவிட்டு "ஒயில் இருக்குதே" என்பார்.

மேர்க்குரி வி6 போன்றவற்றில் கிராங்க்கேஸின் காற்றழுத்தம்தான் பெரிய டாங்கியிலிருந்து ஒயிலைத் தள்ளுகிறது. மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் காற்று வெளியே போய்விடும், ஒயில் ஏறாது. மூடியைத் திறந்து ரப்பர் வளையத்தின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். நிலாவெளி மணலில் ஒரு பொடி அதில் உட்கார்ந்திருந்தாலே போதும். துடைத்து, வளையத்தில் கொஞ்சம் ஒயில் தடவி, இறுக்கி மூடி, எஞ்சினை ஓட விட்டு, நிறுத்திய உடனே மூடியைத் தளர்த்துங்கள். உஸ் என்று காற்று வந்தால் அழுத்தம் இருக்கிறது. வராவிட்டால் அழுத்தம் வரும் பைப்பையும் அதிலுள்ள ஒருவழி வால்வையும் பாருங்கள்.

யமஹா வி6 போன்றவற்றில் அந்த வேலையைச் செய்வது பெரிய டாங்கிக்குள் இருக்கும் கரண்ட் பம்ப். பியூஸ், கனெக்டரில் பச்சைக் களிம்பு, டாங்கி அடியில் உள்ள வலை அடைப்பு, இந்த வரிசையில் பாருங்கள். இந்த எஞ்சின்களில் கையால் ஒயில் ஏற்ற ஓர் எமர்ஜென்சி சுவிட்ச் இருக்கிறது. சின்ன டாங்கி காய்ந்து எஞ்சின் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டாலும் அந்தச் சுவிட்சை அழுத்தி ஒயில் ஏற்றிக் கரைக்கு வந்துவிடலாம். அது எங்கே இருக்கிறது என்று கடலுக்குப் போகும் முன் தேடி வையுங்கள். நடுக்கடலில் புத்தகம் புரட்ட முடியாது.

ஒயில் குறைவதே இல்லை

இதுதான் நான் அதிகம் பயப்படும் அறிகுறி, ஏனென்றால் ஹோர்ன் கத்தாது. டாங்கி நிறைந்திருக்கிறது, மிதவை மேலே இருக்கிறது, ஹோர்னுக்கு எல்லாம் நலம். பம்ப் சுழல்கிறதா என்று பார்க்கும் சென்சர் சில எஞ்சின்களில்தான் உண்டு.

செலவில்லாத சோதனை ஒன்று. டாங்கியின் வெளியே ஒயில் மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். பெற்றோல் எத்தனை லீற்றர் ஊற்றுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள். 100 லீற்றர் எரிந்த பிறகு டேப் மட்டத்துக்கு வர எவ்வளவு ஒயில் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளவுக் குவளையில் அளந்து ஊற்றுங்கள். முழு வேகத்தில் பம்ப் 50க்கு 1 அளவில் தரும், ஸ்லோவில் 100க்கு 1 அல்லது அதைவிடக் குறைவாகத் தரும். ஆகவே 100 லீற்றருக்கு ஒன்று முதல் இரண்டு லீற்றருக்குள் வந்தால் நல்லது. எப்போதும் ஸ்லோவில் தூண்டில் இழுக்கும் போட்டுக்கு ஒன்றை ஒட்டியோ கொஞ்சம் கீழேயோ இருக்கும். அரை லீற்றர் கூடப் போகவில்லை என்றால் கலந்த பெற்றோலை நிறுத்தாதீர்கள், எஞ்சின் மூடியைத் திறவுங்கள்.

முதலில் லிங்க் ரொட். த்ரொட்டிலைத் திறந்தால் பம்பின் கையும் சேர்ந்து திரும்ப வேண்டும். பிளாஸ்டிக் முனை கழன்று தொங்கினால் பம்ப் ஸ்லோ அளவிலேயே நிற்கும், எஞ்சின் முழு வேகத்தில் பறக்கும். பம்பின் கையிலும் உடம்பிலும் கோடு போட்டிருப்பார்கள். சில எஞ்சினில் ஸ்லோவில் இரண்டு கோடும் நேராக நிற்க வேண்டும், சிலவற்றில் முழுத் த்ரொட்டிலில். யாராவது காபரேட்டரைக் கழற்றிப் பூட்டியிருந்தால் இந்தக் கோட்டைக் கட்டாயம் பாருங்கள்.

அடுத்தது காற்று. டாங்கி ஒரு தடவை முழுதாகக் காய்ந்தாலோ, பைப்பைக் கழற்றினாலோ உள்ளே காற்று புகும். பம்ப் காற்றைத் தள்ளத் தெரியாமல் சும்மா சுழலும். டோர்ச்சைப் பைப்பின் பின்னால் பிடித்தால் ஒயிலின் நிறத்துக்கு நடுவில் வெள்ளைக் குமிழி தெரியும். காற்றை எடுப்பதற்குப் பம்பில் ஒரு பிளீட் ஸ்குரூ இருக்கிறது. டாங்கியை நிரப்பி, அடியில் துணி வைத்து, ஸ்குரூவை மூன்று நாலு சுற்றுத் தளர்த்துங்கள். முதலில் நுரையாக, அப்புறம் விட்டு விட்டு, கடைசியில் ஒரே இழையாக ஒயில் வரும். இழை அறுபடாமல் வந்த பிறகு இறுக்குங்கள். அது டாங்கிப் பக்கக் காற்றை மட்டும்தான் எடுக்கும். பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பக்கத்துக்கு, கலந்த பெற்றோலில் ஸ்லோவில் ஓட விட்டு, லிங்க் ரொட்டைக் கழற்றிப் பம்பின் கையை மட்டும் முழுதாகத் திருப்பிப் பிடியுங்கள். குமிழி நகர்ந்து நகர்ந்து மறையும். பொறுமை வேண்டும், அவசரப்பட்டு த்ரொட்டிலைக் கூட்டாதீர்கள். தண்ணீர் இல்லாமல் ஓட விடவும் கூடாது.

காற்றும் இல்லை, ரொட்டும் சரி, பைப் நசுங்கவும் இல்லை என்றால் பம்பையே அளக்க வேண்டும். வெளியே போகும் பைப்பைக் கழற்றிக் குழந்தைகளின் பாணி மருந்துக் குப்பியோடு வரும் அளவுக் கிண்ணத்தில் விடுங்கள். எஞ்சின் கலந்த பெற்றோலில் ஓட வேண்டும். எத்தனை ஆர்பிஎம், எத்தனை நிமிடம், எத்தனை மில்லி என்பது ஒவ்வொரு மொடலுக்கும் வேறு, சர்விஸ் மனுவலில் இருக்கும். ஒரு சொட்டும் வரவில்லை, ஆனால் டாங்கிப் பக்கப் பைப்பில் ஒயில் நிறைந்து நிற்கிறது என்றால் பற்சக்கரத்தைச் சந்தேகப்படுங்கள். சில எஞ்சின்களில் அது பிளாஸ்டிக். பம்பைக் கழற்றித் துவாரத்துக்குள் பார்த்தால் பல் மழுங்கி, வட்டமாகத் தேய்ந்திருக்கும். துகள்கள் எங்கே போயின என்றும் தேடுங்கள்.

ஒரு பிளக் மட்டும் வெளிறியிருக்கிறது

சிலிண்டருக்குத் தனிப் பைப் உள்ள எஞ்சின் என்றால் அந்த ஒரு பைப்பின் ஒருவழி வால்வு அடைத்திருக்கலாம். ஒரே பைப் பெற்றோல் லைனில் சேரும் வகையென்றால் ஒயில் குறைவு எல்லாச் சிலிண்டரையும் ஒன்றாகத் தாக்கும். ஒரு பிளக் மட்டும் வெளிறினால் காபரேட்டர் ஜெட்டைப் பாருங்கள்.

தனிப் பைப் வகையில் ஜெட்டா, ஒயிலா என்று எப்படிப் பிரிப்பது? ஜெட் அடைத்தால் அந்தச் சிலிண்டர் சோம்பிவிடும், எஞ்சின் இழுக்காது. ஒயில் அடைத்தால் இழுவை குறையாது, பிஸ்டன் இறுகும் வரைக்கும் நன்றாகவே இழுக்கும். வால்வைச் சோதிக்க, பைப்பைக் கழற்றி ஒரு சிரிஞ்சில் ஒயில் ஏற்றி அழுத்துங்கள். எஞ்சின் பக்கம் போக வேண்டும். பின்னால் இழுத்தால் வரக் கூடாது. ஊதிப் பார்ப்பவர்களும் உண்டு, வாயின் காற்றுக்கு எல்லா வால்வும் திறப்பதில்லை.

அந்தச் சிலிண்டரில் கம்ப்ரஷனையும் ஒருமுறை பாருங்கள். மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் பைப்பை மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது, ஹெட்டைத் திறக்க வேண்டும்.

வாடை முடிந்து முதல் ஸ்டார்ட்டில் ஒரே புகை

நவம்பரில் கரையேற்றிய போட்டை மார்ச்சில் இறக்கும்போது வரும் முறைப்பாடு இது. மாதக்கணக்கில் நின்றதில் வால்வு வழியாகக் கொஞ்சம் ஒயில் கசிந்து உள்ளே இறங்கியிருக்கும். பத்து நிமிடத்தில் புகை அடங்கினால் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

டாங்கி மட்டம் கண்ணுக்குத் தெரியும் அளவு இறங்கியிருந்தால் வால்வு திறந்தபடியே நிற்கிறது. அப்போது சாவியைத் திருகாதீர்கள். பிளக் எல்லாவற்றையும் கழற்றி, துவாரங்களைத் துணியால் மூடி, பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சிலிண்டருக்குள் ஒயில் தேங்கியிருந்தால் வெளியே வரும். தேங்கிய ஒயிலோடு ஸ்டார்ட்டர் அடித்தால் கனெக்டிங் ரொட் வளையும்.

எப்போதும் புகை, பிளக் நனைகிறது

கிண்ணியா நானா ஒருவர் செகண்ட் ஹாண்டில் வாங்கிய எஞ்சினோடு வந்தார். கிழமைக்கு ஒரு செட் பிளக் போகிறதாம்.

"நானா, பெற்றோலுக்கு ஒயில் கலக்கிறீங்களா?"

"கலக்காமலா? முப்பது வருஷமாக் கலக்கிறன்."

"எஞ்சினுக்குள்ள இருக்கிற டாங்கிக்கும் ஊத்துறீங்களா?"

"அதுக்கும்தான். அது எதுக்கு என்டு எனக்குத் தெரியாது தம்பி, குறையுது, ஊத்துறன்."

மண்ணெண்ணெய் எஞ்சின் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. பம்பை அளந்து, சரியாக இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் கலப்பதை நிறுத்தச் சம்மதித்தார். இரட்டை ஒயில் இல்லை என்றால் லிங்க் ரொட் முழு அளவில் சிக்கியிருக்கிறதா, சோக் திறக்கிறதா என்று பாருங்கள்.

ஒயில் பால் மாதிரி இருக்கிறது

தண்ணீர். மழையில் மூடி திறந்து கிடந்திருக்கும், அல்லது அலை அடித்திருக்கும். ஒயில் மேலே மிதக்கும், தண்ணீர் அடியில் தங்கும், பம்புக்குப் போகும் வழியும் அடியில்தான் இருக்கிறது. அதனால் பம்பின் வாய்க்கு முதலில் போவது தண்ணீர். கொஞ்சம் ஒயிலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து இரவு முழுக்க வைத்தால் காலையில் கோடு பிரிந்து தெரியும். டாங்கியைக் கழற்றி முழுவதும் கவிழ்த்து, புது ஒயிலால் அலசி, பைப்பிலிருக்கும் ஒயிலையும் வெளியே விட்டு, மேலே சொன்னபடி காற்றெடுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் பம்புக்குள் துரு பிடிக்கும் முன் அன்றைக்கே செய்யுங்கள்.

ஒயில் பற்றி ஒரு சொல்: டீசீ-டபிள்யூ3 (தண்ணீரில் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான தரம்) என்று போத்தலில் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு விற்கும் டூ டீ ஒயில் காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது. அதிலுள்ள சேர்மானம் எரிந்து சாம்பல் விடும். தண்ணீரில் குளிரும் எஞ்சினில் அந்தச் சாம்பல் பிஸ்டன் தலையில் படிந்துகொள்ளும்.

பம்பைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால்

பம்ப் உண்மையில் செத்து, புதியது கிடைக்கவில்லை அல்லது விலை கட்டவில்லை என்றால் கழற்றலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் லிங்க் ரொட்டை மட்டும் கழற்றி விட்டுவிடாதீர்கள். ஒயில் இல்லாமல் சுழலும் பம்ப் சூடாகிப் பொடியும். பம்பையும் அதைச் சுற்றும் பற்சக்கரத்தையும் சேர்த்து எடுத்து, துவாரத்துக்கு அதற்கான பிளேட்டும் ரப்பரும் போட்டு மூடுங்கள். சிலிண்டருக்குப் போன பைப் முனைகளைத் தொப்பி போட்டு அடையுங்கள், திறந்து கிடந்தால் காற்றை இழுத்துக் கலவை மெலியும். ஒயில் சென்சர் வயரை மட்டும் பிரித்து, சூட்டுச் சென்சர் வயரை அப்படியே விடுங்கள், ஹோர்ன் இன்னும் தேவை.

போட்டுக்கு எப்போதும் ஒரே ஆள் ஓட்டுவதில்லை. சீசனில் மச்சான் எடுப்பார், மகன் எடுப்பான், கூலிக்கு வரும் தம்பி எடுப்பான். எஞ்சின் மூடியில் கம்பனி ஒட்டிய ஸ்டிக்கரில் ஒயில் தானாகப் போகும் என்று இன்னும் எழுதியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பெற்றோல் டாங்கி மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டால் பெரிதாக எழுதுங்கள்: 20க்கு 400.